சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை

பொட்டி தட்டிப் பிழைக்கிற கூட்டத்திலேயே யாரும் கண்டுகொள்ளாத ஓர் இனம் உண்டு. பேக்கப் எடுக்கிற இனம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் நாங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஏதாவது புட்டுக்கிச்சுன்னா மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். ரொம்ப வருஷமா நான் அந்த இனம். சொந்த ஊர் சின்னசேலம் பக்கம், ஆணி பிடுங்குவது சென்னையில். என் தொழிலுக்கும் எங்க ஊர் நிலபுலனுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுவது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல தொழில். பேக்கப் என்றால் டேப் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒரு பெரிய அலமாரி, அதில் நூற்றுக்கணக்கில் டேப், உள்ளே ஓர் இயந்திரக் கை. அது கேட்ட டேப்பை எடுத்துக் கொடுக்கும். ஆனால் எந்த டேப்பைக் கேட்பது? டேப்புக்கு வெளியே ஒரு பார்கோடு மட்டும்தான். 'எந்த மெஷின், எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்த டேப்பில், எத்தனையாவது இடத்தில்' என்கிற ஞானம் எல்லாம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. பேக்கப்பை மேய்க்கிற சர்வரின் டேட்டாபேஸில். அதற்கு கேட்டலாக் என்று பேர். தமிழில் அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை போச்சுன்னா டேப் எல்லாம் இருக்கும், ஒண்ணும் இருக்காது. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கட்டுக் கட்டாக காகிதம் இருந்தும் நம்ம காகிதம் மட்டும் கிடைக்காதே, அந்த மாதிரி.

அப்போ அட்டவணைக்கும் ஒரு பேக்கப் வேணும்தானே? வேணும். எங்களுக்கும் தெரியும். எடுத்துக்கிட்டும் இருந்தோம்.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்தறேன். 2008. கம்பெனி பேர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கப் சர்வரின் டிஸ்க் பெட்டி மொத்தமாகப் படுத்துவிட்டது. பரவாயில்லை, தினமும் ராத்திரி அட்டவணையை நகல் எடுக்கிறோமே என்று தைரியமாகப் போனேன். நகல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பார்த்தால், அதே டிஸ்க் பெட்டியில் பக்கத்து ஃபோல்டர். வருஷக்கணக்கா தினமும் 'வெற்றி' என்று மெயில் வந்துகொண்டிருந்தது. யாரும் பொய் சொல்லலை. நகல் வெற்றிகரமாகத்தான் எடுக்கப்பட்டது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து பத்திரமாகப் பூட்டியாச்சு, அவ்வளவுதான்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு மூத்த ஆபரேட்டர். நெல்லைக்காரர், அண்ணாச்சி என்போம். அவர் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அட்டவணையைத் தனியா ஒரு டேப்பில் எழுதி, வெளியே போகிற டேப்புகளோடு சேர்த்து வேறு கட்டிடத்துக்கு அனுப்பிவைப்பார். டேப் நம்பரையும் தேதியையும் எல்.ஐ.சி. டைரியில் குறித்துக்கொள்வார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. "ஏன் அண்ணாச்சி இதெல்லாம்?" என்று நான்கூட ஒரு தடவை சிரிச்சிருக்கேன். அந்த டைரியைப் பார்த்துத்தான் பன்னிரண்டு நாள் பழைய அட்டவணை ஒன்று கைக்கு வந்தது.

வந்த பிறகு இன்னொரு கண்டம். பழைய அட்டவணை, '212-ஆம் டேப்பில் இன்ன கோப்பு இருக்கு' என்கிறது. ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளில் 212-ஐக் காலி என்று முடிவு செய்து அதன்மேல் வேறு எதையோ எழுதியாச்சு. அட்டவணை சொல்வது ஒன்று, டேப்பில் இருப்பது வேறு. காலியான டேப்பை உடனே திரும்ப உபயோகிக்காமல் கொஞ்ச நாள் ஆறப்போடுவதற்கு இந்த மென்பொருள்களில் ஒரு அமைப்பு உண்டு. கையில் இருக்கிற அட்டவணை நகல்களிலேயே பழையது எத்தனை நாள் பழசோ, அத்தனை நாளாவது டேப் ஆறணும். எங்களுக்கு அது பூஜ்யத்தில் இருந்தது. சில கோப்புகள் போனது போனதுதான். அதில் யாருடைய சம்பளக் கணக்கு, யாருடைய ரெண்டு வருஷ உழைப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

இது நடந்து மூணு வருஷம் கழித்து சித்தப்பா போன் பண்ணினார்.

"தம்பி, ஒரு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வர முடியுமாப்பா? பத்திர ஆபீசுல நம்மளால பேசி முடியல."

விஷயம் இதுதான். தாத்தா வாங்கிய ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மரவள்ளி போட்டிருந்தார் சித்தப்பா. போர் போடக் கடன் கேட்டால், பேங்கில் மூலப் பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். மூலப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. இருந்தது என்றால், கரையான் தின்ற மிச்சம் இருந்தது. மேல் பக்கமே இல்லை. நம்பர் இல்லை. வருஷம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பெரிய அத்தை பிறந்த வருஷம், அதாவது 1957. (நம்ம வீடுகளில் அட்டவணை இப்படித்தான். யார் பொறந்தப்போ எது வாங்கினது, யார் செத்தப்போ எது வித்தது!)

பத்திரம் பதிவாகும்போது அதை வரிக்கு வரி நகலெடுத்து சார் பதிவாளர் அலுவலகத்தில் 1-ஆம் புத்தகத்தில் எழுதிவிட்டு, அசலை நம்ம கையில் கொடுத்துவிடுவார்கள். ஆக அசலைக் கரையான் தின்றாலும் நகல் அங்கே இருக்கும். நகல் மனு போட்டால் கிடைக்கும். ஆனால் மனுவில் பத்திர எண்ணும் வருஷமும் எழுதணும். எண் தெரியாவிட்டால் வில்லங்கம் போட்டுப் பார்க்கணும். வில்லங்கம் பார்க்கிறவர் பத்திர நகலைப் பார்ப்பதில்லை, அட்டவணையைத்தான் பார்ப்பார். ஆள் பேர்ப்படி ஒன்று, சொத்துப்படி ஒன்று. எங்களுக்கு வேண்டிய 1957 அட்டவணையை எடுத்து வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அப்பளம் மாதிரி பழுப்புத் துண்டுகள். தொட்டால் உதிர்கிறது. தாத்தா பேர் வரவேண்டிய பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன.

"புக்கு நல்லா இருக்கு சார். இன்டெக்ஸ்தான் போயிருச்சு" என்றார் அங்கிருந்த ஊழியர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வசனத்தை 2008-ல் நான் என் மேனேஜரிடம் சொல்லியிருந்தேன்.

ஊருக்குத் திரும்பினதும் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். வக்கீலுக்குப் படித்தவன் இல்லை, ஆனால் படிக்கப் படிக்க இது என் தொழிலின் கையேடு போலவே இருந்தது. இந்தியாவில் இந்தப் பத்திரப்பதிவு ஏற்பாடு 1864-ஆம் வருஷச் சட்டத்தில் வந்து 1865 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறகு 1866, 1871, 1877 என்று திருத்தி எழுதி, கடைசியாக 1908-ல் நிலைபெற்றது. ஆங்கிலேயன் வரி வசூலில் காட்டிய கறார் தெரிந்ததுதான். இதில் காட்டிய கறார் வேறு ரகம்.

16-ஆம் பிரிவைப் பாருங்க. பதிவேட்டின் பக்கங்களுக்கு அச்சிலேயே வரிசை எண் இருக்கவேண்டும். மொத்தம் எத்தனை பக்கம் என்று முகப்பில் எழுதி, புத்தகத்தைக் கொடுக்கிற அதிகாரி சான்றளிக்கவேண்டும். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். நாங்க இதற்கு செக்சம் என்று பேர் வைத்து பெருமை பீற்றிக்கொள்கிறோம். அதே பிரிவில், ஒவ்வொரு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கும் தீப்பிடிக்காத பெட்டி ஒன்று அரசு தரவேண்டும் என்று இருக்கிறது. கவனிக்கணும், பெட்டி மாவட்டப் பதிவாளருக்கு. சின்ன ஊர் சார் பதிவாளருக்கு அல்ல. 53-ல், எண்கள் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடர்ச்சியாகப் போகவேண்டும். 54-ல், பத்திரத்தைப் புத்தகத்தில் ஏற்றிய கையோடு அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்ற பேச்சே கூடாது. 55-ல் எந்த அட்டவணையில் என்ன இருக்கவேண்டும். நிலம் ரெண்டு சார் பதிவாளர் எல்லையில் கிடந்தால், பதிந்தவர் மற்றவருக்குக் குறிப்பு அனுப்பணும் என்று 64-ஆம் பிரிவு.

சரி, 55-க்கும் 57-க்கும் நடுவில் 56 எங்கே?

சட்டப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு தலைப்பு மட்டும் நிற்கிறது. அட்டவணைப் பதிவுகளின் நகலை சார் பதிவாளர், பதிவாளருக்கு அனுப்பவேண்டும், அது அங்கே கோப்பில் வைக்கப்படவேண்டும் என்பது பொருள். அதற்கு எதிரே, 1929-ஆம் வருஷத்து 15-ஆம் சட்டத்தால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி.

அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது பத்திரங்களின் நகல் ஒரு இடத்தில் இருக்கட்டும், அந்த நகல்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற அட்டவணைக்கும் ஒரு நகல் வேறு ஊரில், மேலதிகாரியிடம், தீப்பிடிக்காத பெட்டி இருக்கிற அலுவலகத்தில் இருக்கட்டும் என்று சட்டத்தை எழுதினவர்கள் யோசித்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு. மாவட்டத் தலைநகர் கடலூர், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இங்கே வெள்ளம் வந்தாலும் கரையான் வந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அட்டவணை பிழைக்கும். என்ன ஒரு ஏற்பாடு! அப்புறம் 1929-ல் எடுத்துவிட்டார்கள். எழுதுகிற வேலை, அனுப்புகிற செலவு, வைக்க இடம் எல்லாம் மிச்சம். எந்த ஆபீசிலும் முதலில் வெட்டுப்படுகிற செலவு இதுதான் என்பது என் அனுபவம். பத்து வருஷம் யாருக்கும் தேவைப்படாத பொருளுக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். பதில் தெரிகிற அன்றைக்கு, கேட்டவர் ரிட்டயர் ஆகியிருப்பார்.

எங்க தாத்தா நிலம் வாங்கினது 1957. 56-ஆம் பிரிவு செத்து இருபத்தெட்டு வருஷம் கழித்து.

நிலத்துக்கு என்ன ஆச்சு என்று அப்புறம் சொல்கிறேன். அதற்குள் இந்தப் புழு என் மண்டையில் புகுந்துவிட்டது. நம்மாட்கள் இதற்கு முன்னாடி என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

கொள்ளிடக் கரையில் திருமழபாடி. அங்கே சிவன் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டவேண்டி வந்தது. ராஜராஜனின் 28-ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 1013. கோயில் சுவர் என்பது வெறும் சுவர் இல்லையே. யார் எத்தனை மா நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு கொடுத்து விளக்கு வைத்தார் என்கிற கணக்கு முழுக்க அதன்மேல்தான் வெட்டியிருக்கிறது. பிரிக்கும் முன் எல்லாக் கல்வெட்டையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு. பிரித்தார்கள், கட்டினார்கள். புத்தகத்தில் இருந்ததை மறுபடி கல்லில் வெட்டியது ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், சுமார் 1026-ல். நடுவில் பதின்மூன்று வருஷம் போல. அத்தனை வருஷமும் அந்தக் கோயிலின் சொத்துக் கணக்கு எல்லாம் ஏட்டில் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. கரையானும் தீயும் எப்போ வேணும்னாலும் வரலாம். எனக்கு அந்தப் பதின்மூன்று வருஷத்தை நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

நம்ம பக்கத்துத் திருக்கோவலூரிலும், இன்றைய திருக்கோவிலூர்தான், இப்படி ஒரு திருப்பணி உண்டு. உலகளந்த பெருமாள் கோயிலில் செங்கல் விமானம் விரிசல் விட்டுப் போக, மலாட்டுத் தலைவன் நரசிங்கவர்மன் அதைக் கருங்கல்லில் கட்டினான் என்று இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டே சொல்கிறது. நீடிக்காத ஊடகத்தில் இருந்து நீடிக்கிற ஊடகத்துக்கு மாற்றம். நாங்க அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய டேப்பில் இருந்து புது டேப்புக்கு மாற்றுவோமே, அதேதான். என்ன, கருங்கல் ஆயிரம் வருஷம் நிற்கும், என் டேப்புக்கு முப்பது வருஷம் என்கிறான் கம்பெனிக்காரன். டிரைவ் கிடைக்குமா என்பது தனி விஷயம்.

ஆனால் சோழர் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கல்வெட்டு என்பது மூலம் அல்ல. அரசன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலையில் எழுதி, அதிகாரிகள் பலர் கையெழுத்திட்டு, வரிப்பொத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் ஊருக்கு வரும், கல்லில் ஏறும். வரிப்பொத்தகக் கணக்கு என்று தனி அதிகாரிகளே இருந்தார்கள். எந்த ஊரில் எந்த நிலம், எவ்வளவு வரி, யாருக்கு விலக்கு என்று நாட்டுக்கே அட்டவணை அது. அந்தப் பொத்தகங்களில் ஒரு ஏடுகூட இன்று இல்லை. சுவர்களில் வெட்டிய படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டேப் இருக்கு, கேட்டலாக் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு? 1886-ல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு ஆய்வாளராக வந்தார். ஊர் ஊராகப் போய், சுவர் சுவராகத் தாளை ஒற்றி மசிப்படி எடுத்து, எண் கொடுத்துப் பட்டியல் போடுகிற வேலை தொடங்கியது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-ல் வந்தது. அந்த அலுவலகம் ஊட்டியில் இருந்து 1966-ல் மைசூருக்குப் போனது. வேலை இன்றும் முடியவில்லை. பாக்குலா என்ற இலவச பேக்கப் மென்பொருளில் பிஸ்கேன் என்று ஒரு கருவி உண்டு. அட்டவணை அழிந்துபோனால் டேப்பை ஒவ்வொன்றாக முதலில் இருந்து கடைசி வரை படித்து அட்டவணையைத் திரும்பக் கட்டும். ரொம்ப மெதுவா, பொறுமையைச் சோதிக்கும். ஹுல்ஷும் அவருக்குப் பின் வந்த வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி போன்றவர்களும் தமிழ்நாட்டின் மேல் ஓட்டியது அந்த பிஸ்கேன்தான். நூற்று நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. டிஎஸ்எம் போன்ற சில மென்பொருள்களில் அந்த வழிகூடக் கிடையாது. அட்டவணை போனால் டேப்பை வைத்து விசிறிக்கலாம்.

கிராமத்து அளவில் அட்டவணை என்பது ஒரு மனிதர். கர்ணம். அடங்கலும் சிட்டாவும் அவர் வீட்டுப் பரணில் இருக்கும், அதைவிட முக்கியமாக அவர் தலைக்குள் இருக்கும். 'அந்தப் புளியமரத்துக்கு மேக்கால ஒண்ணே முக்கா ஏக்கர், அது இவன் பாட்டன் அவன்கிட்ட வாங்கினது' என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். 1980 நவம்பரில் அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்த அதிகாரம் ஒழிந்ததில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. அந்தப் பரணில் இருந்து யாருக்கு நீதி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகிதத்தை ஒப்படைக்கச் சொல்லலாம், தலையை எப்படி ஒப்படைப்பது? எங்க ஊரில் புதுசா வந்த கிராம நிர்வாக அலுவலர், முதல் சில வருஷம் பழைய கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில்தான் பாதி நாள் உட்கார்ந்திருப்பார் என்று சித்தப்பா சொல்வார்.

மேலே கல்வராயன் மலையில் இதைவிட மோசம். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். 1976 ஜூனில்தான் அவை அரசு வசம் வந்தன. நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து! வரி வாங்கியதும் ஜாகீர்தார், யார் எந்தச் சரிவில் உழுகிறார்கள் என்று தெரிந்தவரும் ஜாகீர்தார். கீழே சமவெளியில் ஒருத்தன் அட்டவணை கெட்டுப்போச்சு என்று அழுகிறான். மேலே பல தலைமுறையாக உழுதவனுக்கு அரசாங்க அட்டவணை என்று ஒன்று எழுதப்படவே இல்லை. கெட்டுப்போக என்ன இருக்கு? 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மக்களின் நிலையைப் பற்றி வழக்கு எடுத்தபோது, பேச்சு மறுபடி 1976-இல் போய் நின்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

வெளிநாட்டுக் கதை ரெண்டு சொல்லிட்டு ஊருக்கு வந்துடறேன். ரெண்டுமே தீ விபத்து, ஆனால் எரிந்த பிறகு நடந்தது நேர் எதிர். 1973 ஜூலை 12, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம், ராணுவத்தில் இருந்தவர்களின் பணிப் பதிவேட்டுக் கிடங்கு. சுமார் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. அதைவிடக் கொடுமை, உள்ளே என்னென்ன இருந்தது என்று அட்டவணையும் போட்டு வைக்கவில்லை. எரிந்தது எது என்று முழுப் பட்டியல் எழுதவே முடியவில்லை. பென்ஷன் கேட்டு வந்த கிழவர்களிடம், உங்க கோப்பு எரிந்ததா இல்லையா என்றே முதலில் தேடவேண்டியிருந்தது.

1922 ஜூன் 30, டப்ளின். உள்நாட்டுப் போரில் அயர்லாந்தின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டுக் காகிதம். ஆனால் மூன்று வருஷம் முன்னாடி, 1919-ல், ஹெர்பர்ட் வுட் என்கிற காப்பக அதிகாரி உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு வழிகாட்டியை அச்சடித்து வெளியிட்டிருந்தார். அச்சுப் புத்தகம், பல ஊரில் பல அலமாரியில் இருந்தது. அதனால் என்ன போச்சு என்று அவர்களுக்கு வரிவரியாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு, உலகம் பூரா மற்ற காப்பகங்களில் கிடக்கிற படிகளைத் தேடிச் சேர்த்து, 2022-ல் இணையத்தில் ஒரு மெய்நிகர் காப்பகமே திறந்துவிட்டார்கள். வுட் எரிந்த ஒரு காகிதத்தையும் காப்பாற்றவில்லை. பட்டியலை மட்டும் வெளியே வைத்தார்.

நம்ம ஊரிலேயே 2022 ஜூலை 17-ல் பார்த்தோம். ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து கனியாமூரில் நடந்த கலவரத்தில் பள்ளிக்கூடம் எரிந்தது, பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து. அந்தச் சாவின் துயரம் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. சான்றிதழ் பற்றி மட்டும் சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழ் கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய முடிந்தது, ஏன்னா பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கெல்லாம் சென்னையில் தேர்வுத் துறையின் பதிவேட்டில் தனியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எரிந்தது ஒரு படிதான்.

சரி, நிலம்.

ரெண்டு நாள் லீவில் ஒண்ணும் ஆகலை. மூணாவது நாள் கிளம்பலாம் என்று இருந்தபோது, அலுவலக வாசலில் மேஜை போட்டிருக்கிற பத்திர எழுத்தர், எழுபது வயசு இருக்கும், சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏன்ணே, உங்கப்பா அந்த நெலத்த எப்பவாவது ஈடு கீடு வெச்சிருந்தாரா?"

"எங்கப்பாவா? சேச்சே, ஒரு ரூவா கடன் வாங்காத மனுசன்."

"எதுக்கும் எழுபதுல இருந்து எம்பது வரைக்கும் ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்க. ஈட்டுப் பத்திரம் எழுதறப்ப, எந்தக் கெரயப்படி சொத்து வந்துச்சுன்னு நம்பரோட எழுதுவோம்."

போட்டோம். 1976-ல் தாத்தா பேரில் ஓர் அடமானம். 1979-ல் மீட்டாச்சு. அந்த வருஷத்து அட்டவணை நல்லாவே இருந்தது. அடமானப் பத்திரத்துக்கு நகல் வாங்கினால், ஆறாவது வரியில் 1957-ஆம் வருஷத்துக் கிரயத்தின் எண் முத்து முத்தாக இருக்கிறது. அந்த எண்ணை வைத்து 1-ஆம் புத்தகத்தைப் புரட்டினால் அரை மணி நேரத்தில் தாத்தாவின் கிரயப் பத்திரம், ஒரு எழுத்துகூட அழியாமல். ஐம்பத்தி நாலு வருஷமாக அது அங்கேயே, அதே அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

சித்தப்பாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் பஸ்ஸில் பேசவே இல்லை. கச்சிராயபாளையம் ரோடு தாண்டின பிறகு மெதுவா, "1976-லதான் எங்க அக்கா கல்யாணம். எனக்கு அப்ப பத்து வயசு. ஊரக் கூட்டி விருந்து வெச்சாரு. கையில காசிருந்துச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2000 பிப்ரவரியில் ஸ்டார் திட்டம் வந்ததில் இருந்து பதிவுத்துறை அட்டவணை கணினிக்கு வந்துவிட்டது. இப்போ உட்கார்ந்த இடத்தில் வில்லங்கம் பார்க்கிறோம், நல்ல விஷயம். அதாவது எங்க தாத்தா நிலத்தின் அட்டவணையும் இப்போ என் இனத்துக்காரன் ஒருத்தன் கையில் இருக்கு. அவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் தொழில் மரியாதைக்கு என் வழக்கத்தைச் சொல்லி வைக்கிறேன். அட்டவணை நகல், மற்ற பேக்கப் எல்லாம் முடிந்த பிறகு தினமும் கடைசியாக ஓடணும். அது அந்த சர்வரில் இல்லை, அந்தக் கட்டிடத்திலும் இல்லை. எந்த டேப்பில் அட்டவணை இருக்கு, டேப் டிரைவ் எப்படிக் கட்டியிருக்கு என்கிற குறிப்பு மென்பொருளுக்கு வெளியே, வெறும் டெக்ஸ்ட் கோப்பாக இன்னோர் இடத்தில். டேப்பைச் சங்கேதமாக்கி எழுதினால் அதன் திறவுச்சொல் அட்டவணைக்குள் மட்டும் இருக்கக்கூடாது, காகிதத்தில் அச்சடித்து லாக்கரில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு காலி மெஷினைக் கொடுத்து, பழைய சர்வரைத் தொடாமல் இதைத் திரும்பக் கட்டிக் காட்டு என்று டீமில் இருப்பதிலேயே புதுப் பையனிடம் சொல்வேன். போன தடவை அவன் ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டான். லாக்கர் சாவி யாரிடம் என்று தேடியதில் மட்டும் ரெண்டு மணி நேரம்.

போர் போட்டாச்சு, இருநூறு அடியிலேயே தண்ணி. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா டிரங்குப் பெட்டியைக் காட்டினார். புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு. மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் பத்திர எண், வருஷம், புத்தக எண், பக்கம் எல்லாம் பெரிசா எழுதி வெச்சிருக்கார்.

"சித்தப்பா, பெட்டிக்குள்ளயே எழுதி வெச்சிருக்கீங்களே?"

"இரு" என்று கையைப் பிடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். விட்டத்தில் அதே நம்பர், தாரில். "அத்தை வீட்லயும் எழுதியாச்சு. ஒன் பையன் நோட்டுலயும் ஒருக்கா எழுதச் சொல்லு."